திரையின் பின்பக்கம்

எட்டாம் மாதம், மூன்றாம் நாள்

இந்தத் தாள்கள் உங்கள் கைக்கு வந்திருந்தால், நீங்கள் என் குளிர்கால உடைப் பெட்டியைக் கிளறியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். போகட்டும், கோபப்பட மாட்டேன். ஆனால் யாரிடமும் காட்டிவிடாதீர்கள். பெரியம்மாவிடம் கூடாது. நரிகோ அக்காவிடம் கூடவே கூடாது. வேலைக்காரப் பெண்களைக் கூட்டி வைத்துப் படித்துச் சிரிக்காதீர்கள். பக்கத்தில் கரி அடுப்பு ஏதாவது இருக்கும், அதில் போட்டுவிடுங்கள். நீங்கள் யாராக இருந்தாலும் உங்களை மறக்க மாட்டேன்.

என் பெயர் தொகிகோ. வயது பதின்மூன்று. அம்மா இல்லை. அப்பா வடக்கே முட்சு மாகாணத்தில் துணை ஆளுநர். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு கடிதமும் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் அனுப்புவார். முட்சுத் தாள் தடிமனானது, தோல் மாதிரி உழைக்கும். நான் அம்மாவின் அக்கா வீட்டில், தலைநகரின் ஆறாம் பெருவீதியில் வளர்கிறேன். காலையில் எழுத்து, மதியம் கோத்தோ யாழ், மாலையில் செய்யுள் மனப்பாடம். கோத்தோ நரம்பில் என் விரல் விறகுக்கட்டை. மனப்பாடம் பாதியில் கழன்றுவிடும். எழுத்து மட்டும் வருகிறது. அதுதான் வினை.

வலது காவற்படையின் உதவித் தளபதி, பெரியம்மாவின் மகள் நரிகோ அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறார். அக்காவின் பெயரில் பதில் போகிறது. எழுதுவது நான். சொற்களும் பாதிக்கு மேல் என்னுடையவை. அவர் அக்காவைப் பார்த்தது இல்லை. மூங்கில் தட்டிக்கு வெளியே உட்கார்ந்து ஒரே ஒரு முறை குரலைக் கேட்டிருக்கிறார், அதுவும் இருமல். அவருக்குத் தெரிந்த நரிகோ என்பது என் கை.

நான்கு பதில் போயாயிற்று. எழுதிவிட்டேன். இப்போது நெஞ்சு கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஐந்தாம் நாள்

நேற்றிரவு கதவு தட்டும் சத்தம். தாளைப் பாயில் போட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டேன். வேலைக்காரி சனுகி, பூனையைத் தேடி வந்தவள். மை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது, காலையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

எட்டாம் நாள்

ஐந்தாவது கடிதம் வந்தது. பனித்துளி காயாத ஹாகிச் செடிக் கிளையில் கட்டி, வெளிர் ஊதாத் தாளில்.

கடிதம் வந்தால் அக்கா என் கதவை விசிறிக் காம்பால் தட்டுவாள். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, ஒரு தட்டு. அந்த ஒலி கேட்டால் மட்டும் நான் எதையும் ஒளிப்பதில்லை.

இருவரும் போர்வைக்குள் தலையை விட்டுப் படித்தோம். கொக்குகள் வடக்கிலிருந்து திரும்பத் தொடங்கிவிட்டன, உங்கள் வீட்டுப் பக்கம் பறந்தனவா என்று கேட்டிருக்கிறார்.

"பறக்கலன்னு எழுது" என்றாள் அக்கா.

"அவ்வளவுதானா அக்கா?"

"பறக்கலைன்னா பறக்கலதானே. பொய்யா சொல்லச் சொல்ற?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா இப்படித்தான். பத்தொன்பது வயது, வீட்டிலேயே நேரான ஆள். கோத்தோ வாசித்தால் தோட்டக்காரன்கூட வேலையை நிறுத்திக் கேட்பான். தூரிகையை மட்டும் கையில் கொடுக்கக் கூடாது.

கடைசியில் நான் எழுதியது:

கொக்குகள் வரும் திசையைக் கேட்டீர்கள்.
இங்கே சொல்லாமல் வருவது
விடிகாலைப் பனி மட்டும்.

அக்கா இரண்டு முறை படித்தாள். "நான் இவ்வளவு சோகமானவளாடி?" என்றாள். அப்புறம் தாளுக்குத் தூபம் காட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தாள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்நேரம் பிரித்திருப்பாரா. மூன்றாம் வரியில் தூரிகையை மெல்லத் தூக்கினேனே, அது தெரிந்திருக்குமா. என் எழுத்தை ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். எனக்கு அது போதும், வேறொன்றும் வேண்டாம். அவர் எப்படி இருப்பார் என்றுகூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் படிப்பதை மட்டும்தான் நினைக்கிறேன்.

பத்தாம் நாள்

பெரியம்மா கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"உங்க பெரியப்பா மூணு வருஷமா பதவி இல்லாம வீட்ல இருக்காரு. தெரியும்ல?"

"தெரியும் பெரியம்மா."

"அந்தப் பையனோட அப்பா அமைச்சர் சபையில இருக்காரு. நரிகோவைக் கட்டிக்கிட்டா நாம தலை நிமிரலாம். கட்டிக்கலைன்னா அடுத்த வருஷம் இந்த வீட்டுக் கூரைக்கு ஓடு மாத்தக்கூட வழியில்ல. எழுதறது நீதான்னு வெளிய தெரிஞ்சுது — ஊரே சிரிக்கும். அப்புறம் உன்னை வச்சுக்க எனக்கு மனசு வராது. முட்சுவுக்கு வண்டி ஏத்திடுவேன்."

முட்சு. அப்பாவின் கடிதம் வந்து சேரவே நாற்பது நாள் ஆகிறது. போன குளிர்காலத்தில் அங்கே பனியில் ஒரு எழுத்தர் வழி தவறி இறந்தார் என்று அப்பாவே எழுதியிருந்தார்.

"கேக்குதா?" என்றாள் பெரியம்மா.

கேட்கிறது.

பதினைந்தாம் நாள்

முழு நிலா. எல்லோரும் தோட்டத்துப் பக்கம் அமர்ந்து பார்த்தார்கள். அக்கா கோத்தோ வாசித்தாள். நான் நிலாவைப் பார்க்காமல் பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் நாள்

உதவித் தளபதி நாளை இந்த வீட்டுக்கு வருகிறார். அவருடைய வீட்டுத் திசையில் தெய்வம் குடியிருக்கிறதாம், நாளை அந்தப் பக்கம் போகக் கூடாதாம். ஒரு இரவு வேறு வீட்டில் தங்கித் திசை மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எத்தனையோ வீடு இருக்க நம் வீட்டைக் கேட்டிருக்கிறார் என்று பெரியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெற்கு அறையைத் துடைக்கிறார்கள், பாய் மாற்றுகிறார்கள்.

"தெய்வமே வந்து வழியடைச்சு மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டிருக்கு" என்று சனுகி சொல்லிக்கொண்டு திரிகிறாள். சனுகி நான் பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருப்பவள். எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது.

பதினெட்டாம் நாள்

வந்துவிட்டார். வந்தவர் இரண்டு நாள் நகர முடியாது. மாலையில் பஞ்சாங்கக்காரர் ஆள் அனுப்பினார் — பெரியப்பாவுக்கு நாளை முழுக்க விலக்கு நாள், வாசலை அடைத்து யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாதாம். வாசலில் விலக்குச் சீட்டு தொங்குகிறது. உள்ளே இருப்பவர் உள்ளேதான்.

அக்கா அவள் அறையைவிட்டு வரவில்லை. "நான் பேசினா இருமுவேன்" என்கிறாள்.

இதுவரை நல்லபடியாகத்தான் இருந்தது. இரவு சாப்பாடு கொண்டுபோன சனுகி திரும்பி வந்து சொன்னாள்:

"நல்ல மனுஷன்தான். ஆனா கொஞ்சம் ஒரு மாதிரி. மடிப்புத் திரையோட முன்பக்கத்துல மலையும் மேப்பிள் மரமும் எவ்வளவு அழகா வரைஞ்சிருக்கு. இவரு பின்பக்கம் விளக்கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"பின்பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒட்டுத் தாள்தான். போன மாசம் பூனை கிழிச்சுதே."

"எந்தத் தாள்?"

"உன் கூடைத் தாள்தான் கண்ணு. நீ எழுதிப் பழகித் தூக்கிப் போடுவியே. முட்சுத் தாள் எவ்வளவு கெட்டி, அடுப்புல போட மனசு வரல. நானே கஞ்சி காச்சி ஒட்டினேன்."

என் கூடை. போன மாதம். அதில் என்ன இருந்தது?

முதல் கடிதத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தது இருந்தது. இரண்டாவது கடிதமும் இருந்தது. அதோடு —

இல்லை. அதைக் கிழித்துவிட்டேன். கிழித்தேனா?

பத்தொன்பதாம் நாள்

கிழிக்கவில்லை.

ஏழாம் மாதம் ஒரு நாள் அக்கா என் கடிதத்தைப் பார்த்து 'சுமார்' என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபம். பயிற்சித் தாளில் எழுதினேன்: 'நரிகோ அக்காவின் எழுத்து மழைக்குப் பின் மணலில் நண்டு ஓடியது போல. நான் எழுதாவிட்டால் அவளை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?' எழுதியதும் கோபம் போய்விட்டது. வரி அழகாக வந்திருந்தது. அதனால் கிழிக்க மனம் வரவில்லை. இதைவிட வெட்கக்கேடு என்ன இருக்கிறது?

காலையில் சனுகியின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். காரணம் சொல்லவில்லை, அந்தத் திரையை எடுத்துவிட்டு வேறொன்றை வை என்று மட்டும் சொன்னேன். அவள் போய்விட்டு வெறுங்கையோடு வந்தாள்.

"இருக்கட்டும்னுட்டாரு. 'வெளிய போக முடியாது, கைல புத்தகம் இல்ல, படிக்கக் கிடைச்சதையும் எடுத்துட்டுப் போறியா'ன்னு கேக்கறாரு."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு. ஏன், சிரிக்கக் கூடாதா?"

கோத்தோ பாடத்தில் ஒரே நரம்பை நான்கு முறை தவறாக இழுத்தேன். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. பெரியம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்லையே" என்றாள். அன்பாகத்தான் கேட்டாள். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

இருபதாம் நாள்

போய்விட்டார். பெரியம்மாவிடம் மரியாதையாக விடைபெற்றாராம். வீடு முழுக்கச் சந்தோஷம்.

ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தெற்கு அறைக்குப் போனேன். முதல் கடிதம் நடு மடிப்பில், நேராக, விளக்கு வைக்கும் உயரத்தில். இரண்டாவது பக்கத்தில். நண்டு வரி கீழ் மூலையில் தலைகீழாக ஒட்டியிருக்கிறது. பாயில் மல்லாந்து படுத்துத் தலையைத் திருப்பினால்தான் படிக்க முடியும். ஒரு உதவித் தளபதி அப்படியெல்லாம் படுப்பாரா?

படுக்க மாட்டார். படுத்திருக்க மாட்டார்.

நகத்தால் கிழிக்கப் பார்த்தேன். சனுகியின் கஞ்சி இரும்பு மாதிரி. ஒரு துணுக்குக்கூட வரவில்லை.

இருபத்தொன்றாம் நாள்

கடிதம் இல்லை.

இருபத்திரண்டாம் நாள்

இரண்டு தட்டு, ஒரு தட்டு.

அக்கா கையில் கடிதம். முகம் மலர்ந்திருந்தது. வழக்கம்போல் போர்வைக்குள் தலையை விட்டாள். நான் தலையை நுழைக்கவில்லை, அவளே சத்தமாகப் படித்தாள். அவள் வேகமாகப் படிக்கிறவள். நிறுத்த முடியவில்லை.

'கதவு அடைத்த இரண்டு நாளும் எனக்குத் துணை உங்கள் திரையின் பின்பக்கம். எனக்கு வந்த முதல் கடிதத்தை அங்கே மூன்று விதமாக எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அனுப்பாமல் விட்ட ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. கீழ் மூலையில் ஒரு நண்டைப் பற்றியும் இருந்தது. அதற்குப் படுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நண்டு நடந்த மணலை எனக்கு ஒரே ஒரு வரி காட்டுவீர்களா?'

"நண்டா? என்னடி நண்டு?" என்றாள் அக்கா.

நான் போர்வை ஓரத்தைத் திருகினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். விளக்கை எடுத்தாள். தெற்கு அறைக்குப் போனாள், நான் பின்னாலேயே ஓடினேன். பட்டு உடை மடங்க அவள் தரையில் படுத்துத் தலையைத் திருப்பினாள். அவளுடைய நீளக் கூந்தல் பாய் முழுக்கப் பரந்து கிடந்தது. ரொம்ப நேரம் அசையவில்லை. இரண்டு வரிதான். ஒரு மூச்சில் படித்துவிடலாம்.

எழுந்து உட்கார்ந்தாள்.

"'யார் திரும்பிப் பார்ப்பார்கள்'னு எழுதியிருக்க."

"அக்கா, அன்னிக்கு எனக்குக் கோவம் —"

"நல்லா எழுதியிருக்க. கை நடுங்கவே இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். விளக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இருட்டில் தடவித் தடவி என் அறைக்கு வந்தேன்.

திட்டியிருந்தால் தேவலாம். முடியைப் பிடித்து இழுத்திருந்தால் தேவலாம்.

இருபத்து மூன்றாம் நாள்

பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அக்கா சொல்லவில்லை. கடிதம் பெரியம்மா கைக்குப் போயிருக்கிறது.

அடிக்கவில்லை. எதிரே மைக்கல்லை வைத்தாள். என்ன எழுத வேண்டும் என்று அவளே சொன்னாள். வீட்டில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். என் கையைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகியவள். என் கடிதங்களைத் திருடிப் பார்த்துப் படியெடுத்தவள். பொறாமையில் என்னைப் பற்றி இல்லாததைக் கிறுக்கியிருக்கிறாள் — இப்படி அக்கா எழுதுவதாக நான் எழுத வேண்டும்.

"நாளைக்குக் காலைல எனக்கு வேணும். இதுவரை எழுதினதுலயே இதுதான் நல்லா இருக்கணும்" என்றாள்.

என்னைத் திருடி என்று என் கையாலேயே எழுத வேண்டும். எழுதினால் அக்காவுக்குக் கல்யாணம். பெரியப்பாவுக்குப் பதவி. எனக்கு முட்சு இல்லை. எழுதாவிட்டால்?

பொறாமை என்று எழுதச் சொல்கிறாளே. அது பொய்தானா? அக்கா கோத்தோ வாசிக்கும்போது எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள். என்னை யாரும் பார்த்ததில்லை. என் எழுத்து வெளியே போகும்போதுகூட அவள் பெயரைப் போட்டுக்கொண்டுதான் போகிறது.

விடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது தெரியவில்லை. மை காய்ந்துகொண்டே இருக்கிறது.

இருபத்து நான்காம் நாள்

எழுதினேன். பயந்தாங்கொள்ளி. எழுதிவிட்டேன்.

பெரியம்மா கேட்டபடியே இதுவரை எழுதியதிலேயே இதுதான் அழகு. 'பொறாமை' என்ற சொல்லில் தூரிகை தண்ணீர் மாதிரி ஓடியது.

பெரியம்மா படித்துத் தலையாட்டினாள். தூபம் காட்டச் சொல்லி எடுத்து வைத்தாள், நாணற்பூக் காம்பு ஒன்றும் தேர்ந்து வைத்தாள். அப்போது அக்கா வந்தாள். கேட்காமலே தாளை எடுத்தாள். நின்றபடி படித்தாள். அப்புறம் தூரிகை கழுவும் கிண்ணத்தில் அதை முக்கினாள். மெதுவாக, துணி நனைப்பது போல. என் எழுத்து புகை மாதிரி தண்ணீரில் கலைந்தது.

"என்னடி பண்ற? பைத்தியமா?" என்றாள் பெரியம்மா.

"ஒரு வரி கேட்டிருக்காரு. ஒரு வரி குடுக்கறேன்."

"உன் கையாலயா? அவரு ஓடிடுவாருடி."

"ஓடட்டும்மா. கல்யாணம் பண்ணிட்டு ஓடறதுக்கு இப்பவே ஓடட்டும்."

உட்கார்ந்தாள். தூரிகையைத் துடைப்பக்கட்டை மாதிரி பிடித்தாள். மை சொட்டியது, அவள் கவலைப்படவில்லை. நான் எதிரே இருந்ததால் தலைகீழாகத்தான் தெரிந்தது: 'நண்டு இதுதான். இதற்கு மேல் அழகாக ஓடாது.'

"கிளையும் இல்ல, வாசனையும் இல்ல" என்று பெரியம்மா அழத் தொடங்கிவிட்டாள்.

"இருக்கறது போதும்மா."

காவலாளி கையில் அப்படியே கொடுத்து அனுப்பினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் முக்கினாளா, இல்லை, என் எழுத்தையே இனிப் பார்க்கக் கூடாது என்றா?

இருபத்தேழாம் நாள்

பதில் இல்லை. பெரியப்பா சோற்றைத் தொடவில்லை.

ஒன்பதாம் மாதம், இரண்டாம் நாள்

பதில் இல்லை. எட்டு நாள் ஆகிவிட்டது.

வாசலில் மாட்டு வண்டிச் சத்தம் கேட்டால் வீடு முழுக்க அப்படியே நிற்கிறது. வண்டி தாண்டிப் போனதும் எல்லோரும் ஒன்றும் நடக்காத மாதிரி வேலையைத் தொடர்கிறார்கள்.

அக்கா எதிரே வந்தால் நான் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். அவள் என்னை ஒரு தூணைக் கடப்பது போலக் கடக்கிறாள். எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாத சனுகிகூட மெதுவாகப் பேசுகிறாள்: "கஞ்சி காச்சினது என் தப்பு. பூனை கிழிச்சது பூனை தப்பு. நீ மட்டும் ஏன் இப்படி இளைக்கற?"

அவளுக்குப் படிக்கத் தெரியாது. மூலையில் என்ன இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை.

ஆறாம் நாள்

எழுத்துப் பயிற்சியில் இன்று தூரிகையைத் தொட முடியவில்லை. வயிற்று வலி என்றேன்.

ஒன்பதாம் நாள்

செவ்வந்தித் திருநாள். நேற்றிரவு பூக்களின் மேல் பஞ்சு போர்த்தியிருந்தார்கள், காலையில் பனியில் நனைந்த பஞ்சால் முகம் துடைத்துக்கொண்டோம். இளமை நிற்குமாம். பெரியம்மா அழுத்தி அழுத்தித் துடைத்தாள். எனக்குக் கண் மட்டும் எரிந்தது.

மதியம் கடிதம் வந்தது. கிளை இல்லை. நிறத்தாள் இல்லை. சாதாரண வெள்ளைத் தாள், நான்காக மடித்தது.

நான் என் அறையில் ஓடிப் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு தட்டு, ஒரு தட்டு கேட்குமா என்று. கேட்கவில்லை. அக்கா துணித் தடுப்புக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து படித்தாள். பெரியம்மா கேட்டும் காட்டவில்லை.

அவருடைய கடிதங்களில் நான் படிக்காத முதல் கடிதம். அதில் என்ன இருக்கிறது, எத்தனை வரி, எந்த இடத்தில் மை தோய்ந்திருக்கிறது — எனக்கு எதுவும் தெரியாது. இனித் தெரியவும் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்துத் தடுப்புக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது. அக்கா மூக்கால் சிரிப்பாளே, சின்ன வயதில் குளத்தில் என்னைத் தள்ளிவிட்டுச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு.

உடனே பதில் எழுதினாள். விரலெல்லாம் மை. அந்த மை விரலாலேயே கோத்தோ வாசித்தாள், நரம்பெல்லாம் கறுப்பு.

பதினாறாம் நாள்

சமையலறையில் மோச்சி உருண்டைக்கு அரிசி இடிக்கிறார்கள். குட்டிக் குட்டியாக, வெள்ளையாக. மூன்றாம் இரவுக்கு வைக்கும் மோச்சி. முந்தாநாள் வந்தார், நேற்று வந்தார், இன்றும் மழையில் நனைந்துகொண்டு வந்துவிட்டார். மூன்று இரவு தொடர்ந்து வந்தாயிற்று. இனி அவர் இந்த வீட்டு மாப்பிள்ளை.

பெரியப்பா அவருடைய நனைந்த காலணியைத் தம் மார்போடு அணைத்து வைத்துக்கொண்டாராம், மாப்பிள்ளை போகாமல் இருக்க. வழக்கம்தான், ஆனால் விடவே மாட்டேன் என்கிறாராம். "காலணிக்கும் மோச்சி ஊட்டுவாரு போல" என்கிறாள் சனுகி.

எனக்கும் ஒரு மோச்சி கொடுத்தார்கள். பாதியைப் பூனைக்குப் போட்டேன்.

பதினேழாம் நாள்

பெரியம்மா கூப்பிட்டாள். இந்த முறை குரலில் கோபம் இல்லை.

"உன் மேல எனக்குக் கோவம் போயிடுச்சு தொகிகோ. ஆனா மாப்பிள்ளை இனிமே இந்த வீட்ல வந்து போவாரு. உன்னைப் பாக்கறப்பல்லாம் எனக்கு அந்தத் திரைதான் ஞாபகம் வருது. நரிகோவுக்கும் அப்படித்தான் இருக்கும். இருபத்தொண்ணாம் தேதி முட்சுவுக்கு ஒரு கூட்டம் கிளம்புது. உங்க அப்பா கூட இரு."

"அக்கா சொன்னாளா?"

"அவ உன் பேச்சையே எடுக்கறதில்ல."

பத்தொன்பதாம் நாள்

மூட்டை கட்டியாயிற்று. உடை இரண்டு பெட்டி. மைக்கல். அம்மாவின் சீப்பு. இந்தத் தாள்களை எங்கே வைப்பது? எரித்துவிடலாம் என்று இரண்டு முறை அடுப்பு வரை போனேன்.

தெற்கு அறையில் அந்தத் திரை இப்போது இல்லை. எங்கே என்று கேட்டேன். "உங்க அக்காதான் தன் அறைக்குத் தூக்கிட்டுப் போகச் சொன்னா. உடைக்கவும் இல்ல, கிழிக்கவும் இல்ல. படுக்கைக்குப் பக்கத்துல நிறுத்தி வச்சிருக்கா, பின்பக்கம் தெரியற மாதிரி" என்றாள் சனுகி.

தினமும் அதைப் பார்த்து என்னை வெறுக்கவா? கேட்க யாரும் இல்லை.

விளக்கெண்ணெய் ஊற்ற வந்த சனுகி போகாமல் நின்றாள்.

"ஒருத்தி கேக்கறா. யாருன்னு சொல்லக் கூடாதுன்னுட்டா. மை தேய்க்கறப்ப தண்ணி எவ்வளவு விடணும்?"

"மூணு சொட்டு" என்றேன். "முதல்ல மூணு. அப்புறம் பாத்துப் பாத்து."

"அவ கொட்டிட்டா, கிண்ணம் முழுக்க. உன் முட்சுத் தாள் ஒரு கட்டு தீந்துபோச்சு, தெரியுமா? அந்தத் திரையைப் பாத்து ஒரே எழுத்தை நூறு தடவை எழுதறா. மூக்குல எல்லாம் மை. மாப்பிள்ளைக்கு இன்னிக்கு அரண்மனைக் காவல், வர மாட்டாரு. அதான் சாயங்காலத்துலருந்து உக்காந்திருக்கா."

"நான் நாளன்னைக்குப் போறேன்னு அவளுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"தூரிகையைக் கீழ வச்சா."

அவள் போய் எவ்வளவு நேரம் ஆகிறது? விளக்கில் எண்ணெய் பாதி இறங்கிவிட்டது. மூட்டையின் முடிச்சு இறுகவில்லை, அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறேன். முட்சுவில் முதல் பனி விழுந்திருக்கும். அப்பா என்னை அடையாளம் கண்டுகொள்வாரா? போவதற்கு முன்னால் ஒரே ஒரு வரி அக்காவுக்கு எழுதலாமா? எந்தக் கையால்? அழகாக எழுதினால் நம்ப மாட்டாள். கோணலாக எழுதினால் கேலி என்று நினைப்பாள். 'அன்றைக்கு எழுதியது' என்று தொடங்கி

நடையில் காலடி. பெரியம்மாவாக இருந்தால் இந்தத் தாளை எங்கே

இரண்டு தட்டு. விசிறிக் காம்பு.

ஒரு தட்